விற்க வேண்டிய கட்டாயம்

மட்டக்களப்பில் ஒருவரிடம் "இந்தக் காசை இருபது வருசத்துக்குத் தொடாதீங்க" என்று சொல்வது லேசான காரியம் இல்லை. அவர் உடனே மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிடுவார். 1978 நவம்பரில் சூறாவளி. 1990இல் ஊர் ஊராக ஓடியது. 2004 டிசம்பர் 26இல் கடல். 2007 வரை படுவான்கரையை மூடி வைத்த போர். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு. 2022இல் எரிபொருள் வரிசை. பேரிடி விழாத இருபது வருசம் எங்கள் வாவிக்கரையில் எந்தத் தலைமுறைக்கும் வாய்க்கவில்லை.

நீண்டகால முதலீடு பற்றி உலகம் கொண்டாடும் நூல்கள் இப்படியொரு ஊரை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. ஆனால் அவற்றை எழுதியவர்களின் வாழ்க்கையைக் கிட்டப் போய்ப் பார்த்தால், அவர்களுக்கும் சூறாவளி வந்திருக்கிறது. நான் கொழும்பில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் ஆலோசகனாக வேலை பார்த்தேன். போர் முடிந்த பிறகு கிழக்கு வாடிக்கையாளர்களுக்குப் பொறுப்பானேன். இப்போது கல்லடியில் வீட்டு முன்னறையில் இருந்து நம்மூர் ஆட்களுக்குக் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அந்த நூல்களை எழுதிய பெரியவர்கள் சொன்னவற்றில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்பதாக எனக்குப் படுகிறது. எந்தப் பங்கை வாங்கினோம் என்பது முக்கியம்தான். அதை விற்றே தீர வேண்டும் என்ற நிலைக்கு வராமல் இருப்பது அதைவிட முக்கியம்.

இதை நான் முதலில் பார்த்தது பங்குச் சந்தையில் அல்ல, வயல் வட்டையில். எங்கள் பக்கத்தில் வயல் சொந்தக்காரரான போடியார் குடும்பங்கள் எழுவான்கரையில் கடலோரம் குடியிருக்கும். வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் கிடக்கும். போர்க்காலத்தில் வாவியே எல்லையாகிவிட்டது. சில போகங்களில் குத்தகை நெல் வந்தது, சில போகங்களில் நெல்லும் வரவில்லை, வயலைப் பார்த்துக்கொண்ட முல்லைக்காரரிடம் இருந்து செய்தியும் வரவில்லை. அப்போது வயலை அடிமாட்டு விலைக்குக் கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். எனக்குப் பெரியப்பா முறையான ஒரு போடியார் விற்கவில்லை. அவருடைய வரம்பை ஒட்டியே வயல் வைத்திருந்த இன்னொருவர் விற்றார். ஒரே மண், ஒரே வாய்க்கால், ஒரே போர்.

பெரியப்பாவுக்கு எழுவான்கரையில் ஒரு தென்னந்தோட்டம் இருந்தது, வீட்டில் ஒரு அரசாங்கச் சம்பளம் வந்தது. வயல் ஒன்றும் தராத வருசத்திலும் அடுப்பு எரிந்தது. மற்றவருக்கு வயல் மட்டும்தான். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டி வந்ததும் காணி உறுதியை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவரைப் பொறுமை இல்லாதவர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொறுமையாக இருக்க அவருக்கு வசதி இல்லை, அவ்வளவுதான். பெரியப்பாவிடம் ஒரு நாள் கேட்டேன், "ஏன் பெரியப்பா நீங்க விற்கல்ல?" அவர் சொன்னார்: "தம்பி, வயல் எனக்குக் கேட்ட நேரம் சோறு தரல்லதான். ஆனா சோறு தான்னு நான் அதுக்கிட்ட கேக்கவுமில்ல."

பல வருசம் கழித்து அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தம் பங்குதாரர்களுக்கு எழுதிய 2013ஆம் ஆண்டுக்கான கடிதத்தைப் படித்தபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. 1986இல் ஒமாகாவுக்கு வடக்கே 400 ஏக்கர் விளைநிலம் ஒன்றை 2 இலட்சத்து 80 ஆயிரம் டொலருக்கு வாங்கியதை அதில் சொல்கிறார். அந்தப் பகுதியில் நிலத்தின் விலை ஏறி வெடித்து அடங்கிய பிறகு, கடன் கொடுத்த வங்கியே மூழ்கிக் கிடந்த வேளையில் வாங்கிய நிலம் அது. சோளமும் சோயாவும் என்ன விளையும், செலவு என்ன வரும் என்று மகனிடம் கேட்டுக் கணக்குப் போட்டார். வருசம் 10 வீதம் தேறும் என்று தெரிந்தது, வாங்கினார். 28 வருசத்தில் நிலத்தின் வருமானம் மூன்று மடங்கானது, மதிப்பு ஐந்து மடங்குக்கு மேல். அந்த நிலத்தின் விலையை ஒவ்வொரு நாளும் வந்து கூவ அங்கே ஆள் இல்லை. பங்குக்கு மட்டும் அப்படி ஒருவன் காலை ஒன்பதரைக்கு வந்துவிடுகிறான். பஃபெட்டின் ஆசிரியர் பெஞ்சமின் கிரஹாம் தம் 1949ஆம் ஆண்டு நூலில் அவனுக்குச் சந்தைக்காரன் என்றே பெயர் வைத்தார். அவன் சொல்லும் விலை நமக்குத் தேவைப்பட்டால் எடுக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். அந்தச் சுதந்திரம் கையில் காசு வைத்திருப்பவனுக்குத்தான் உண்டு.

கொழும்பில் பங்கு வியாபாரம் 1896இல் தொடங்கியது மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு முதல் திரட்டத்தான். கிழக்குக்கும் அதற்கும் அன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்றைய வடிவில் சந்தை 1985இல் அமைந்தபோதும் எங்கள் ஊரில் சேமிப்பு என்றால் பொன், காணி, சீட்டு, வங்கி வைப்பு என்ற நான்கோடு முடிந்தது. நான் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தபோது, திரை வழியாக வாங்கி விற்கும் முறை வந்து கொஞ்சக் காலம்தான். எனக்குப் பாடம் சொல்லித் தந்தவர் மேலதிகாரி அல்லர். கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் வந்து, உலக வர்த்தக மையத்தில் விலைத் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆண்டறிக்கை வாசிக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர்.

"பின்னால இருந்து வாசியும் தம்பி" என்பார். முதலில் கணக்காய்வாளர் அறிக்கை, பிறகு கணக்குகளுக்கான குறிப்புகள், பிறகு காசுப் பாய்ச்சல் கூற்று. இலாப நட்டக் கணக்கு அதற்குப் பிறகு. தலைவரின் செய்தியும் வழவழப்பான படங்களும் நேரம் மிஞ்சினால். ஒரு நாள் ஒரு கம்பனியின் கணக்கைப் பென்சிலால் எனக்குப் பிரித்துக் காட்டினார். பங்கு விலை 45 ரூபாய், பங்கொன்றுக்கான உழைப்பு 9 ரூபாய். ஐந்து வருச உழைப்பின் விலைக்கே கம்பனி கிடைக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்ட பங்கு. அவர் குறிப்புகளுக்குள் போனார். 9 ரூபாயில் 6 ரூபாய், கம்பனிக்குச் சொந்தமான காணியை அந்த வருசம் மறுமதிப்பீடு செய்ததால் ஏறிய தொகை. காணி அங்கேயே கிடக்கிறது, ஒரு சதம் உள்ளே வரவில்லை. மிச்சம் 3 ரூபாய். அதிலும் ஒரு பங்கு, அதே முதலாளியின் வேறொரு கம்பனியிடம் இருந்து வர வேண்டிய பாக்கி. அந்தப் பாக்கி முந்திய மூன்று அறிக்கைகளிலும் அப்படியே இருந்து வருசா வருசம் கூடிக்கொண்டு போனது. உண்மையில் கைக்கு வந்த காசு பங்கொன்றுக்கு இரண்டு ரூபாய் கூட இல்லை. "இப்ப சொல்லும், இது அஞ்சு வருச விலையோ, இருபத்தைஞ்சு வருச விலையோ?"

இதே கணக்கை இன்றும் நான் வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். கிரஹாமும் டேவிட் டொட்டும் 1934இல் எழுதிய பெரிய நூலின் சாரம் இதுதான். வாங்கும் விலைக்கும் உண்மைப் பெறுமதிக்கும் நடுவே, நம் கணிப்புப் பிழைத்தாலும் தாங்குமளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியை விலைத் திரையில் காண முடியாது. குறிப்புகளுக்குள் போய் ஒவ்வொரு ரூபாயாகத்தான் தேட வேண்டும். அந்தக் கணக்காளர் ஐயா தம் பெரிய பங்குகளை வாங்கியது 2001இல், கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதலுக்குப் பிறகு. அந்த வருசம் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 621இல் முடிந்தது. 2003 முடிவில் அது 1,062. அமைதி வரும் என்று முன்கூட்டித் தெரிந்து அவர் வாங்கவில்லை. வராவிட்டாலும் அந்தக் கம்பனிகள் பங்கிலாபம் தரும் என்று கணக்கில் கண்டார். வாங்கப் போட்ட காசு அவருடைய ஓய்வூதியத்துக்கு மேல் மிஞ்சியது.

2009 மே மாதத்துக்குப் பிறகு வந்த ஏற்றத்தை அப்போது தொழிலில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். 2008 முடிவில் 1,503இல் இருந்த சுட்டி 2010 முடிவில் 6,635. 2011 பெப்ரவரியில் 7,800ஐயும் தாண்டியது. உலகத்தில் அந்த நேரம் மிக வேகமாக ஏறிய சந்தைகளில் கொழும்பும் ஒன்று. உதயதேவியில் வந்து இறங்கினால் புகையிரத நிலையத்திலேயே "என்ன வாங்கலாம்?" என்று கேட்பார்கள். காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர், களுவாஞ்சிகுடி ஆசிரியர், வாழைச்சேனை மீன் முதலாளி என்று எல்லோரும் கணக்குத் திறந்தார்கள். அது நல்ல விசயம்தான். முப்பது வருசம் பூட்டிக் கிடந்த ஊர் நாட்டின் தொழில்களில் பங்காளியாவதைப் பார்க்க எனக்கு உள்ளபடியே சந்தோசமாக இருந்தது.

ஆனால் வந்தவர்களில் அதிகம் பேர் வாங்கியது கம்பனியை அல்ல, ஏற்றத்தை. இங்கே ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது எங்கள் தொழிலின் உள்வீட்டு விசயம். கொழும்பில் ஒரு பங்கை வாங்கினால் தரகுக் கட்டணம் 0.64 வீதம், அதோடு பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு, பங்குச் சந்தை, மத்திய வைப்புத் திட்டம் ஆகியவற்றின் கட்டணங்கள், அரசாங்கத்தின் 0.3 வீதத் தீர்வை எல்லாம் சேர்ந்து 1.12 வீதம் போகும். விற்கும்போது இன்னொரு 1.12. பத்து இலட்சம் ரூபாய்க் கணக்கை மாதம் ஒரு தரம் முழுதாகப் புரட்டினால் வருசத்துக்கு 2 இலட்சத்து 68 ஆயிரம் ரூபாய் கட்டணமாகவே கரையும். சந்தை 27 வீதம் ஏறினால்தான் போட்ட முதல் மிஞ்சும். வாங்கிவிட்டுப் பத்து வருசம் பேசாமல் இருப்பவருக்குச் செலவு ஒரே ஒரு 1.12. தரகர் அலுவலகம் நடப்பதே புரளும் காசில்தான். ஆகவே "இப்ப ஒண்டும் செய்யாதீங்க" என்ற ஆலோசனையை அங்கிருந்து எதிர்பார்க்காமல், அதை முதலீட்டாளர் தாமே தமக்குச் சொல்லிக்கொள்ளப் பழக வேண்டும்.

கட்டணத்தைவிடக் கொடியது கடன். அந்த நாட்களில் கையில் ஐந்து இலட்சம் இருந்தால், தரகரின் கடனையும் மார்ஜின் கடனையும் சேர்த்துப் பத்து இலட்சத்துக்கு வாங்கினார்கள். தரகர் கொடுக்கும் கடனுக்கு ஆணைக்குழு கடிவாளம் போட்டதும், ஏறிய வேகத்திலேயே பங்குகள் இறங்கத் தொடங்கின. 2012 நடுவில் சுட்டி 5,000க்குக் கீழே. கடனில் வாங்கியவரின் பங்கை விற்பது அவர் கையில் இல்லை. விலை ஒரு கோட்டுக்குக் கீழே போனால் கடன் கொடுத்தவரே விற்றுவிடுவார். நல்ல கம்பனி, நல்ல கணக்கு, வருசா வருசம் பங்கிலாபம் தருகிற பங்கு. அப்படியிருந்தும் அடிமட்ட விலைக்கு விற்கப்பட்டு, வாங்கியவருக்குக் கடன் மட்டும் மிஞ்சியதை நான் கண்ணால் கண்டேன்.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. பஃபெட், அவருடைய பங்காளி சார்லி மங்கர் இருவரோடும் சேர்ந்து முதலிட்ட மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார், ரிக் கெரின். அவர்களைப் போலவே கெட்டிக்காரர். 1973, 74இல் சந்தை சரிந்தபோது அவரிடம் மார்ஜின் கடன் இருந்தது. கடனை அடைக்க, தம்மிடம் இருந்த, பஃபெட்டின் கம்பனியான பேர்க்‌ஷயர் பங்குகளை 40 டொலருக்கும் குறைவான விலைக்கு விற்றார். வாங்கியவர் பஃபெட். அந்தப் பங்கு ஒன்று இன்று பல இலட்சம் டொலர். அதே இரண்டு வருசங்களில் மங்கர் நடத்திய முதலீட்டுக் கூட்டு 31.9 வீதமும் 31.5 வீதமும் இழந்தது. அவர் கணிப்பும் அப்போது பிழைத்ததாகத்தான் தெரிந்தது. ஆனால் விற்கச் சொல்லிக் கடன்காரர் கதவைத் தட்டவில்லை. 1975இல் கூட்டு 73 வீதம் ஏறியது. கிரஹாமே இளவயதில் கடன் வைத்துப் பங்கு பிடித்து, 1930 என்ற ஒரே வருசத்தில் பாதிப் பணத்தை இழந்தவர். பாதுகாப்பு இடைவெளி பற்றி அவர் பிற்பாடு எழுதியவற்றை அந்த வருசத்தை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

எங்கள் சந்தைக்கென்று தனியாக ஒரு கஷ்டம் இருக்கிறது. அமெரிக்க, இந்திய உதாரணங்களை அப்படியே எடுத்துப் போட்டால் அது தெரியாமல் போகும். சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' நூல்களைப் படித்துவிட்டு என்னிடம் வந்த இளைஞர்கள் பலர். நல்ல நூல்கள், தமிழில் அடிப்படை படிக்க இன்றும் நான் கொடுப்பவை. ஆனால் மும்பையில் சந்தை பெரியது, எப்போதும் வாங்க ஆள் உண்டு. கொழும்பில் பட்டியலில் உள்ள கம்பனிகள் முந்நூறுக்குக் குறைவு. பலவற்றில் பெரும்பகுதிப் பங்கு ஒரு குடும்பத்திடமோ ஒரு தாய்க் கம்பனியிடமோ இருக்கும். மிச்சம் கொஞ்சம்தான் சந்தையில் புரளும். சொத்துக் கணக்கில் பங்கொன்றுக்கு 200 ரூபாய் தேறும், விலை 80 ரூபாய் என்றிருக்கும். மலிவு என்று வாங்கினால் பதினைந்து வருசத்துக்குப் பிறகும் அது மலிவாகவே கிடக்கலாம். காணியை விற்றுப் பங்குதாரருக்குக் கொடு என்று கேட்க நம்மிடம் வாக்கு இல்லை.

அதனால் ஒரு கம்பனியை எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது, பெரிய பங்குக்காரர் சிறிய பங்குக்காரரை இதுவரை எப்படி நடத்தினார் என்பதை. கடந்த பத்துப் பதினைந்து வருசப் பங்கிலாபத்தை ஒரு தாளில் எழுதுவேன். நல்ல வருசத்தில் கொடுத்தாரா, கெட்ட வருசத்தில் குறைத்தாலும் நிறுத்தாமல் கொடுத்தாரா? உரிமை வழங்கல் என்று அடிக்கடி நம்மிடம் காசு கேட்டாரா? கேட்ட காசு எங்கே போனது? இந்த ஒரு தாள் போதும், பாதிக் கம்பனிகள் கழிந்துவிடும்.

அந்தத் தாளின் அருமை 2011க்குப் பிறகுதான் பலருக்கு விளங்கியது. 2011 முடிவில் சுட்டி 6,074. 2019 முடிவில் 6,129. எட்டு வருசம், நடுவில் ஏறி இறங்கி, கடைசியில் நின்ற இடத்திலேயே நின்றது. விலை ஏறும் என்று மட்டும் வாங்கியவர் அந்த எட்டு வருசத்தில் வெறுத்துப் போய் விலகிவிட்டார். பங்கிலாபத்துக்காக வாங்கியவர் வருசா வருசம் வந்த காசில் அதே பங்கை இன்னும் கொஞ்சம் வாங்கிச் சேர்த்தார். விலை ஏறாதது அவருக்கு உதவியாகவே இருந்தது. களுவாஞ்சிகுடிப் பக்கத்து ரீச்சர் ஒருவர் அப்படிச் சேர்த்தவர். சுட்டி எத்தனை என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை. பங்கிலாபம் வங்கிக்கு வந்துவிட்டதா என்று மட்டும் கேட்பார்.

பாசிக்குடா பற்றியும் சொல்ல வேண்டும். போர் முடிந்ததும் அந்த வளைகுடா நெடுக ஹோட்டல்கள் எழும்பின. கிழக்குக் கடலோரத்தில் காணி வைத்திருக்கிற கம்பனி என்றால் கொழும்பில் பங்கு பறந்தது. எங்கள் ஊர்க் கடற்றொழிலாளியிடம் கேட்டிருந்தால் ஒரு விசயம் சொல்லியிருப்பார்: பாசிக்குடாவில் கடல் அமைதியாகக் கிடப்பது சித்திரை தொடங்கி ஐந்தாறு மாதம். வாடைக் காலம் பிறந்தால் மழை, காற்று, கலங்கல் தண்ணி. ஆறு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதச் சம்பளமும் வங்கி வட்டியும் கட்ட முடியுமா என்பதே அந்தப் பங்குகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி. உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளும், அடுத்த வருசம் கொரோனாவும், அதன் பின் 2022உம் வந்தபோது, கடன் குறைவாக இருந்த ஹோட்டல் கதவைச் சாத்திவிட்டுக் காத்திருந்தது. கடன் கூடியது காத்திருக்க முடியவில்லை. கம்பனிக்கும் ஆளுக்கும் விதி ஒன்றுதான்.

2020 மார்ச் 20இல் மூடிய சந்தை மே 11இல் திறந்தபோது சுட்டி 4,200 அளவுக்கு இறங்கியது. வட்டி வீதம் குறைந்ததும் 2021இல் மட்டும் 80 வீதம் ஏறியது. மறுபடியும் மார்ஜின், மறுபடியும் "என்ன வாங்கலாம்?". 2022 ஜனவரியில் 13,000க்கு மேல். ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, புத்தாண்டுக்குப் பிறகு சந்தையை ஒரு கிழமை மூடி வைத்தார்கள், திறந்ததும் 8,000க்குக் கீழே போனது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம். திறைசேரி உண்டியல் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது.

அப்போது வந்த கேள்வி நியாயமானது: "அரசாங்கமே முப்பது தருது, பிறகு என்னத்துக்குப் பங்கு?" ஒரு வருசத்துக்குள் தேவைப்படும் காசு என்றால் உண்டியலே சரி என்றேன், பலர் போட்டார்கள், நன்றாக இருந்தார்கள். ஆனால் அந்த முப்பது நிலைக்காது. 2024 முடிவதற்குள் அது 10 வீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஏற்றுமதி செய்து டொலரில் உழைக்கிற, கடன் இல்லாத ஒரு கம்பனியின் பங்கை 2022இல் நாலு வருச உழைப்பின் விலைக்கு வாங்கியவர் கையில், உண்டியல் வட்டி போன பிறகும் கம்பனி இருந்தது.

2022இன் அந்த இருட்டு நாட்களில் கொழும்புக்கு வந்த ஒரு பெரிய காசை நான் கவனித்துப் பார்த்தேன். ஹைதராபாத்தில் பிறந்து சென்னை ஐஐடியில் படித்துக் கனடாவுக்குப் போன பிரேம் வட்சா 1985இல் இருந்து நடத்தும் ஃபெயார்ஃபாக்ஸ் நிறுவனம், கொழும்புப் பட்டியலில் உள்ள ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸில் சுமார் 2,700 கோடி ரூபாயைப் போட்டது. நாட்டில் பெற்றோல் இல்லாத நேரம். ஜனாதிபதியே நாட்டை விட்டுப் போன காலம். அவர்கள் கேட்டு வாங்கியது நேரடிப் பங்கு அல்ல, பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய தொகுதிக்கடன். நிலைமை தேறினால் பங்காளி, தேறாவிட்டால் கடன் கொடுத்தவர். 2008இல் உலகமே காசுக்குத் தவித்தபோது பஃபெட் கோல்ட்மன் சாக்ஸ் வங்கியில் 500 கோடி டொலரை இதே மாதிரி நிபந்தனையோடு போட்டார். துணிச்சல் என்று இதைப் பத்திரிகைகள் எழுதின. என் கண்ணுக்குப் பட்டது வேறு: மற்றவர்கள் விற்க ஓடிய நேரத்தில் இவர்களிடம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத காசு இருந்தது. அந்தக் காசை முந்திய நல்ல வருசங்களில் செலவழிக்காமல் வைத்திருந்ததுதான் அவர்களின் திறமை. கொழும்புச் சுட்டி 2024 முடிவில் 15,944, 2025இல் 20,000ஐத் தாண்டியது.

எங்கள் வாவிக்கரையில் பதில் சொல்ல வேண்டிய காசு எது என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே வீடு மகளுக்கு. பெண்பிள்ளை பிறந்த வீட்டில் தகப்பன் அன்றைக்கே மனதுக்குள் அத்திவாரம் போட்டுவிடுகிறார். சீதனமாகப் போகும் வீடு சுவர் சுவராகப் பதினைந்து இருபது வருசம் எழும்பும். சீதனத்தின் சுமை பற்றி எனக்குக் கோபம் உண்டு, அதை வேறு இடத்தில் எழுத வேண்டும். ஆனால் முதலீட்டுக் கணக்கில் அது நாள் குறித்த செலவு. மகளுக்கு வரன் வந்துவிட்டால் சந்தை இறங்கியிருக்கிறது, அடுத்த வருசம் பார்ப்போம் என்று சொல்ல முடியாது. பங்கு எந்த விலையில் இருந்தாலும் அன்றைக்கு விற்க வேண்டும். ஆகவே அந்தக் காசைப் பங்கில் போடக் கூடாது. வயல் விதைப்புச் செலவும் அப்படித்தான், பெரும்போகத்துக்கு ஐப்பசியில் காசு வேண்டும், வைகாசியில் வந்தால் பிரயோசனமில்லை.

வருகிறவர்களிடம் முதல் நாள் நான் பங்கைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு கொப்பியில் அடுத்த ஐந்து வருசத்துச் செலவை எழுதச் சொல்வேன்: கூரை, கலியாணம், பிள்ளையின் படிப்பு, விதைப்பு, ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கீடு. அதோடு ஒரு பேரிடிக்கு ஒரு வருசச் சாப்பாட்டுக் காசு. மற்ற ஊர் ஆலோசகர்கள் ஆறு மாதம் போதும் என்பார்கள்; எங்கள் ஊரின் வரலாற்றைப் பார்த்துவிட்டு நான் ஒரு வருசத்துக்குக் கீழே இறங்குவதில்லை. இவையெல்லாம் வங்கி வைப்பிலும் திறைசேரி உண்டியலிலும். நகையை ஈடு வைத்து வந்த காசு என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, போகட்டும். மிஞ்சுவதுதான் பங்குக்கு. பலருக்கு அது சிறிய தொகை, சிலருக்கு ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சாதவரிடம் அதை நேராகச் சொல்லிவிட வேண்டும்.

அண்மையில் பணிக்கொடை எடுத்த ஒருவர் ஏறாவூர்ப் பக்கத்தில் இருந்து வந்தார். சுட்டி ஏறிக்கொண்டு போகிறதே என்ற பதற்றம் முகத்தில் தெரிந்தது. முழுத் தொகையையும் போட வேண்டும் என்றார். "மகளுக்கு வீடு முடிஞ்சுதா அண்ணன்?" என்று கேட்டேன். சுவர் முடிந்தது, கூரையும் நிலமும் பாக்கி என்றார். கூரைக்கும் நிலத்துக்கும் மேசனிடம் கணக்குக் கேட்டு, அந்தத் தொகையை மூன்று மாத உண்டியலாக எழுதினோம். சாப்பாட்டுக் காசை வைப்பில் போட்டோம். மிஞ்சியது அவர் நினைத்து வந்ததில் நாலில் ஒரு பங்கு. அதற்கும் அன்றைக்குப் பங்கு வாங்கவில்லை. ஒரு வங்கி, ஒரு இறப்பர் ஏற்றுமதிக் கம்பனி, ஒரு தேயிலைக் கம்பனி என்று மூன்று ஆண்டறிக்கைகளைக் கொடுத்து, தமிழில் உள்ள பகுதிகளைத் தாமே வாசித்து, மற்றதை மகளிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பத்து வருசப் பங்கிலாபத்தை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அடுத்த கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். எழுதிய தாள் மகளின் கையில் இருந்தது, இறப்பர்க் கம்பனி ஏன் இரண்டு வருசம் ஒன்றும் கொடுக்கவில்லை என்று அவள்தான் முதலில் கேட்டாள்.